வேட்டை முடிந்த மறுநாள் கத்திக்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

வாசகர் கடிதம்:

அன்புள்ள அக்கா, நான் ரொறன்ரோவில் வசிக்கிறேன். நவம்பரில் ஒன்ராறியோவின் வடக்குப் பக்கம் மான் வேட்டைக்குப் போவது என் வழக்கம். இந்த ஒக்டோபரில் நண்பர் ஒருவரோடு ஸ்கொட்லாந்து மலைநாட்டில் செம்மான் வேட்டைக்குப் பதிவு செய்திருக்கிறேன். துவக்கு அந்த வேட்டை நிலத்தின் எஸ்டேட்காரர் தருவார்கள். வேட்டை முடிந்ததும் நண்பர் நேரே கனடா திரும்புகிறார். நான் ஃபோர்ட் வில்லியத்தில் இரவு ரயில் ஏறி லண்டன் வந்து, ஈஸ்ட் ஹாமில் என் சொந்த அக்கா வீட்டில் நாலு நாள் நிற்பேன். பிறகு யூரோஸ்டார் ரயிலில் பாரிஸ். லாச்சப்பலில் மச்சாளின் கலியாணம். அங்கிருந்து விமானத்தில் ரொறன்ரோ. என்னிடம் இரண்டு கத்திகள் இருக்கின்றன. ஒன்று மாமனார் தந்தது, தோல் உறையோடு, நாலு அங்குல நிலையான அலகு. மற்றது மடக்குக் கத்தி. பெருவிரலால் கொஞ்சம் தள்ளினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மிச்சத்தைத் திறந்துவிடும். இரண்டையும் சூட்கேசில் போட்டு அனுப்பலாம் என்று விமான நிறுவனம் சொல்லிவிட்டது. ஒன்ராறியோ வேட்டை அட்டையும் கையில் இருக்கும். அது போதும்தானே? ஸ்கொட்லாந்தில் கில்ட் பாவாடை கட்டியவர்கள் காலுறைக்குள் கத்தி செருகிக்கொண்டு திரிகிறார்களே, நான் ஏன் யோசிக்க வேண்டும்? அடுத்த வருடம் ஜேர்மனிக்கும் ஒரு யோசனை இருக்கிறது.

பதில்:

தம்பி,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் வைத்த மடக்குக் கத்தியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்; அதற்கு வேறு வழியே இல்லை. மாமனார் தந்த கத்தியையும் கொண்டுவராமல் விடுவது நல்லது. கொண்டுவந்துதான் ஆக வேண்டும் என்றால், அது உங்களோடு லண்டனுக்கும் பாரிஸுக்கும் வரக் கூடாது. நேரே கனடா திரும்பும் நண்பரோடு போகட்டும்.

விமான நிறுவனம் உங்களுக்குச் சொன்னது சரிதான். ஆனால் அவர்களுக்கு இருக்கும் கவலை ஒன்றே ஒன்று: பறக்கும்போது அந்தக் கத்தி யாருடைய கைக்கும் எட்டக் கூடாது. கைப்பையில் 6 செ.மீ. வரை அலகு கொண்டுபோகலாம் என்று ஐரோப்பாவில் சொல்வதும், கனடா 2017 நவம்பரில் அதே அளவை அனுமதித்ததும், அமெரிக்காவுக்குப் போகும் விமானத்தில் எந்த அளவும் கூடாது என்பதும் எல்லாமே விமானத்தின் உள்ளே இருக்கும் பாதுகாப்புக்கான விதிகள். சூட்கேஸ் பட்டியில் சுற்றி வந்து உங்கள் கையில் ஏறிய கணத்தோடு அந்த விதிகளின் வேலை முடிந்துவிட்டது. அங்கிருந்து சுங்கச் சட்டம் தொடங்கும். விமான நிலையக் கதவைத் தாண்டினால் தெருச் சட்டம். மூன்றையும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நோக்கத்தோடு எழுதினார்கள். ஒன்றில் தேறினால் மற்றதிலும் தேறியாயிற்று என்று நினைத்துத்தான் நிறையப் பேர் மாட்டுப்படுகிறார்கள். அப்படி மாட்டுப்படுகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்றவர்கள்தான்: மீன் பிடித்துவிட்டு வீடு திரும்புகிறவர், கூடாரம் அடித்துவிட்டு வருகிறவர். இதுவரை பொலிஸ் வாசலையே மிதிக்காத மனிதர்கள்.

முதலில் மடக்குக் கத்தியைப் பார்ப்போம். பிரித்தானியாவில் 1959ஆம் ஆண்டிலிருந்தே ஸ்பிரிங் கத்தியை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை இருக்கிறது. பழைய சட்டம் பிடியில் இருக்கும் பொத்தானைப் பற்றித்தான் பேசியது. அதனால், பிடியில் பொத்தான் இல்லை, அலகில் இருக்கும் சின்னக் குமிழைத்தான் தள்ளுகிறேன் என்று வாதாட இடம் இருந்தது. 2019ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அந்த இடத்தை அடைத்துவிட்டது. இப்போது, மூடிய நிலையிலிருந்து முழுதாகத் திறந்தாலும் சரி, பாதி திறந்த நிலையிலிருந்து மீதியைத் தானாகத் திறந்தாலும் சரி, கத்தியின் எந்தப் பகுதியில் அந்தப் பொறி இருந்தாலும் சரி, அது தடைக்குள் வரும். நீங்கள் கடிதத்தில் எழுதிய ஒரு வரி, 'பெருவிரலால் கொஞ்சம் தள்ளினால் ஸ்பிரிங் மிச்சத்தைத் திறந்துவிடும்' என்பது, அந்தப் பிரிவைப் பார்த்து எழுதியதுபோலவே இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 ஜூலை 14 முதல் அதை வீட்டு அலுமாரிக்குள் வைத்திருப்பதே குற்றம். உங்கள் அக்காவின் வீட்டில் அதை விட்டுவிட்டுப் போனால் பிரச்சினை அவருடைய வீட்டுக்குள் போய்விடும். மற்றக் கத்திகளுக்குச் சட்டம் ஏற்கும் 'நல்ல காரணம்' என்ற பேச்சே இந்தக் கத்திக்கு எடுபடாது. எல்லையைக் கடந்து கொண்டுவருவதே தடை.

இன்னொன்று. அதே கத்தி ரொறன்ரோ கடையில் சட்டப்படி வாங்கியதாக இருந்தாலும், நாடு திரும்பும்போது கனடா எல்லையிலும் வில்லங்கம் வரலாம். கனடாவின் குற்றவியல் சட்டம் 84ஆம் பிரிவு, பிடியில் இருக்கும் பொத்தான், ஸ்பிரிங் முதலியவற்றால் தானாகத் திறக்கும் கத்தியையும், புவியீர்ப்பாலோ சுழற்றும் விசையாலோ திறக்கும் கத்தியையும் தடை செய்த ஆயுதம் என்கிறது. எல்லை அதிகாரி உங்கள் கத்தியை மூடிப் பிடித்து மணிக்கட்டை ஒரு உதறு உதறிப் பார்ப்பார். அலகு வெளியே வந்து பூட்டிக்கொண்டால் கத்தி அவருடைய மேசையிலேயே நின்றுவிடும். புதிதாக எண்ணெய் போட்ட நல்ல கத்திகள் பல அப்படித் திறக்கும். வேட்டைக்காரர் எவரும் தன் கத்தியைப் பராமரித்துத்தான் வைத்திருப்பார், அதுவே இங்கே எதிராகத் திரும்பும்.

இனி மாமனாரின் கத்தி. இதைக் கொண்டுவருவதற்குத் தடை இல்லை. சாதாரண வேட்டைக் கத்தி. உறைக்குள் போட்டு, பொதி ஏற்றுகிறவர்களின் கையைக் கிழிக்காதபடி சுற்றி, சூட்கேசுக்குள் வைத்தால் விமானத்திலும் சுங்கத்திலும் தடை இராது. கேள்வி எழும்புவது பொது இடத்தில். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் 139ஆம் பிரிவும், ஸ்கொட்லாந்தில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49ஆம் பிரிவும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: அலகோ கூர்முனையோ உள்ள பொருளைப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். விலக்கு ஒன்றுதான். மடிக்கக்கூடிய, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள சட்டைப்பைக் கத்தி. அந்த மூன்று அங்குலம் வெட்டும் விளிம்பின் அளவு, 7.62 செ.மீ. அதிலும் திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி விலக்குக்குள் வராது என்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் 1990களிலேயே தீர்த்துவிட்டன. உங்கள் முதுகுப்பையில் குறடு, திருப்புளி எல்லாம் சேர்ந்த மல்டிடூல் கிடந்தால் அதையும் எடுத்துத் திறந்து பாருங்கள். அலகை மடிக்க ஒரு தகட்டை அமத்த வேண்டியிருந்தால் அது பூட்டுக் கத்தி. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் விலக்கு இல்லை.

நாலு அங்குல நிலையான அலகுக்கு விலக்கே கிடையாது. ஆக, மிஞ்சுவது ஒன்றுதான்: உங்களிடம் நல்ல காரணம் இருக்க வேண்டும். இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பும் உங்களுடையது. இதைச் சரியாக விளங்கிக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாகப் புரியும்.

காரணத்தை நீதிமன்றம் அந்த நேரத்தையும் அந்த இடத்தையும் வைத்துத்தான் பார்க்கும். நீங்கள் யார், நல்லவரா, வேட்டைக்காரரா என்பது இரண்டாவது பேச்சு. ஒரு சமையற்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். வெம்பிளியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தன் கத்திகளைச் சீலையில் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார், வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வருகிறார். அவரிடம் நல்ல காரணம் இருக்கிறது. சட்டமே 'வேலையில் பயன்படுத்துவதற்காக' என்று தனியாகச் சொல்கிறது. அதே ஆள் அதே பையோடு இரவு ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போய், அங்கே யாரோ சத்தம் போட, பொலிஸ் வந்து எல்லோருடைய பையையும் பார்க்கிறது என்று வையுங்கள். ஆள் மாறவில்லை, கத்தியும் மாறவில்லை. ஆனால் காரணம் கடையோடு நின்றுவிட்டது. இங்கிலாந்து மேல் நீதிமன்றத்துக்கு 1990களின் தொடக்கத்தில் வந்த வழக்கொன்றில், ஒருவர் வேலைக்காகக் கத்தியைப் பையில் போட்டவர், சில நாட்கள் கழித்துப் பிடிபட்டபோது அது கிடந்ததையே மறந்துவிட்டேன் என்றார். அவர் சொன்னதை நீதிமன்றம் நம்பியது. ஆனாலும் மறதி மட்டும் நல்ல காரணம் ஆகாது என்று முடிவு செய்தது. பிறகு வந்த தீர்ப்புகள், வேறு சூழ்நிலைகளோடு சேர்த்து மறதியையும் கணக்கில் எடுக்கலாம் என்று கொஞ்சம் இளக்கின. அந்த இளக்கத்தை நம்பிப் பயணம் கிளம்புங்கள் என்று எந்தச் சட்டத்தரணியும் சொல்ல மாட்டார்.

உங்கள் பயணத்தை இந்தக் கண்ணால் பாருங்கள். மலையில் கத்தி இடுப்பில் இருக்கும்போது பிரச்சினை இல்லை. அந்த மலையும் சட்டத்தின் பார்வையில் பொது இடம்தான், ஸ்கொட்லாந்தில் யாரும் நடந்து போகலாம். ஆனால் அங்கே உங்கள் காரணம் கண்முன்னே தெரிகிறது: துவக்கு, வழிகாட்டி, மான். எஸ்டேட்டிலிருந்து ஃபோர்ட் வில்லியம் ரயில் நிலையத்துக்கு வரும்போது, கத்தி கழுவித் துடைத்து, உறைக்குள், பூட்டிய சூட்கேசின் அடியில் இருந்தால், 'வேட்டை முடிந்து திரும்புகிறேன்' என்பது இன்னும் உயிரோடு இருக்கும் காரணம். இரவு ரயில் ரானொக் சதுப்பைக் கடந்து காலையில் லண்டன் யூஸ்டன் நிலையத்தில் நிற்கும்போதும், நேரே உங்கள் அக்கா வீட்டுக்குத்தான் என்றால், சொல்ல ஒரு கதை இருக்கிறது. அதற்குப் பிறகுதான் வில்லங்கம். யூஸ்டனில் இறங்கியதும் பசிக்கிறது என்று ஒரு இடம், சிநேகிதரைப் பார்க்க இன்னொரு இடம், சூட்கேசை இழுத்துக்கொண்டு பின்னேரம் வரை லண்டன் சுற்றினால் கதை மெலிந்துபோகும். இரண்டாம் நாள் அதே முதுகுப்பையோடு ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் நிற்கும்போது, பையின் பக்கவாட்டு ஸிப்புக்குள் அந்தக் கத்தி கிடந்தால் கதையே இல்லை. நிலத்தடி ரயில் வாசல்களில் போக்குவரத்துப் பொலிஸார் உலோகம் கண்டுபிடிக்கும் வளைவை வைத்து ஆட்களைக் கடக்கச் சொல்வது உண்டு. ஒரு பகுதியில் வன்முறை நடக்கலாம் என்ற அச்சம் இருந்தால், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி உங்கள்மேல் தனிப்பட்ட சந்தேகம் இல்லாமலே மறித்துச் சோதிக்கலாம். நம்மவர்கள் கூடி வாழும் கிழக்கு லண்டனில் இது புதினமே இல்லை.

தண்டனையையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் நாலு ஆண்டு, ஸ்கொட்லாந்தில் ஐந்து ஆண்டு. முதல்முறை பிடிபடும் ஒரு வேட்டைக்காரருக்கு அவ்வளவு வராது. ஆனாலும் கத்தி திரும்பி வராது. பொலிஸ் நிலையத்தில் அதைப் படம் எடுத்து, தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒன்றுக்குள் போட்டு, மூடியை முத்திரை வைத்துக் கொண்டுபோவார்கள். மாமனார் தந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே அது வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

காலுறையில் செருகிய கத்தியைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல கேள்வி. அதன் பெயர் ஸ்கியன் டூ. கில்ட் உடையோடு சேர்ந்தது. மதக் காரணத்துக்காகவும் தேசிய உடையின் பகுதியாகவும் கத்தி வைத்திருப்பதைச் சட்டம் தனியாகவே காப்பாற்றுகிறது. சீக்கியர்கள் மத அடையாளமாக அணியும் கிர்பான் கத்திக்கும் அதே பிரிவுதான் அரண். கலியாணத்துக்குக் கில்ட் கட்டிப் போகிறவர் அந்த உடையோடு இருக்கும்வரை பாதுகாப்பாக இருக்கிறார். அடுத்த நாள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு அதே கத்தியைச் சட்டைப்பையில் வைத்தால் அவரும் உங்கள் வரிசையில் வந்து நிற்க வேண்டியதுதான்.

ஒன்ராறியோ வேட்டை அட்டையைப் பற்றி. வைத்திருங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அது சொல்வது நீங்கள் ஒன்ராறியோவில் வேட்டையாடலாம் என்பதை மட்டும். லண்டனில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கத்தி ஏன் உங்கள் கையில் இருக்கிறது என்று அது சொல்லாது. அதைவிடப் பெறுமதியான காகிதம் எஸ்டேட் தரும் பதிவுக் கடிதம். உங்கள் பெயர், வேட்டை நாட்கள், இடம், எஸ்டேட் துவக்குத்தான் பாவிக்கிறீர்கள் என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். அதோடு அதே தேதிக்குரிய ரயில் சீட்டும் சேர்ந்தால் ஒரு பொலிஸ்காரர் இரண்டு நிமிடத்தில் படித்து விளங்கிக்கொள்ளக்கூடிய கதை கிடைக்கிறது. தொலைபேசியில் மட்டும் வைக்காமல் அச்செடுத்து வையுங்கள். மலையில் இரண்டு நாள் நின்றுவிட்டு வரும் தொலைபேசியில் மின் இருக்காது.

இனி பாரிஸ். உங்கள் திட்டத்தில் எனக்கு அதிகம் பயம் தருவது இந்தப் பகுதிதான். விமானத்தில் என்றால் சூட்கேஸ் வயிற்றறைக்குப் போய்விடும். யூரோஸ்டாரில் உங்கள் பொதியை நீங்களே தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அது புறப்படும் லண்டன் செயின்ட் பான்கிராஸ் நிலையத்தில் ஒவ்வொரு பையும் ஸ்கானருக்குள் போகும். வேட்டைக் கத்தியை 'பொதிக்குள் ஆழமாக வைத்தேன்' என்று சொல்லித் தப்ப வழியில்லை, ஏனென்றால் அந்தப் பொதி ஆசனத்துக்குப் பக்கத்தில் உங்கள் கைக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கப்போகிறது. திரையில் அலகின் உருவம் தெரிந்ததும் உங்களை ஒரு பக்கமாக வரச் சொல்வார்கள். அங்கே நீங்கள் நிற்கும் நிலம் இன்னும் இங்கிலாந்து. பேச வேண்டிய பொலிஸும் இங்கிலாந்துப் பொலிஸ். வேட்டை முடிந்து அப்போதைக்கு ஐந்து நாள் ஆகியிருக்கும். கலியாணத்துக்குப் போகிற வழியில் தோலுரிக்கும் கத்தி எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஒருவேளை கத்தி எப்படியோ பாரிஸ் வந்துவிட்டது என்று வைப்போம். பிரான்ஸில் கத்தி 'டி' வகை ஆயுதம். பதினெட்டு வயதானவர் எவரும் வாங்கலாம், வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால் தகுந்த காரணம் இல்லாமல் கையில் வைத்திருப்பதும் ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுபோவதும் குற்றம். ஓராண்டு சிறையும் 15,000 யூரோ வரை தண்டமும் சட்டத்தில் இருக்கின்றன. 2024இலிருந்து அந்த இடத்திலேயே 500 யூரோ தண்டம் எழுதும் நடைமுறையும் வந்திருக்கிறது. கார் து நோர் நிலையத்தில் இறங்கி லாச்சப்பலுக்கு நடந்து போகிற பத்து நிமிடத் தெருவில் பொலிஸ் சோதனை எவ்வளவு நடக்கும் என்பது பாரிஸில் இருக்கும் உங்கள் உறவினர் எல்லோருக்கும் தெரியும். அவர்களைக் கேளுங்கள்.

என்ன செய்யலாம்? முதல் வழி, கத்தியே கொண்டுவராமல் விடுவது. மலைநாட்டு வேட்டையில் இதனால் உங்களுக்கு எந்தக் குறையும் வராது. அங்கே விருந்தினர் தனியே போவதில்லை. எஸ்டேட்டின் வழிகாட்டி, அவர்கள் 'ஸ்டோக்கர்' என்பார்கள், கூடவே வருவார். மானைச் சுட்டதும் குடல் எடுப்பது அவருடைய வேலை. மலைச் சரிவிலேயே, தன் கத்தியால், பழகிய கையால் செய்து முடிப்பார். நீங்களும் கையைப் போட்டுப் பழக விரும்பினால் முன்கூட்டியே எழுதுங்கள், ஒரு கத்தியைத் தருவார்கள். ஒன்ராறியோவில் உங்கள் மான் உங்கள் பொறுப்பு. இங்கே இறைச்சி பெரும்பாலும் எஸ்டேட்டின் குளிரறைக்குப் போகிறது. சொந்தக் கத்திக்கு அங்கே உண்மையான வேலை குறைவு.

இரண்டாவது வழி, மனம் கேட்கவில்லை, மாமனார் கத்தியால்தான் செய்ய வேண்டும் என்றால், வேட்டை முடிந்ததும் அதை உங்கள் நண்பரின் சூட்கேசில் வையுங்கள். அவர் எஸ்டேட்டிலிருந்து விமான நிலையம், விமான நிலையத்திலிருந்து வீடு என்று ஒரே கோட்டில் போகிறார். காரணம் அறுபடாமல் கூடவே வரும். பூட்டும் பொதியின் அடியில் வைக்கட்டும். வாடகைக் காரில் போகிறவர்கள் செய்யும் ஒரு காரியத்தை மட்டும் செய்ய வேண்டாம் என்று அவருக்குச் சொல்லுங்கள்: கடைசி நாள் கயிறு வெட்ட எடுத்த கத்தியைக் கார்க் கதவின் பக்கத்துப் பொந்துக்குள் போட்டுவிட்டு மறந்துவிடுவது. அது கைக்கெட்டும் இடம். எந்தப் பொலிஸ்காரரும் அதை விரும்ப மாட்டார்.

கழுவுவதைப் பற்றியும் ஒரு சொல். அலகைத் துடைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அலகும் பிடியும் சேரும் இடுக்கிலும், தோல் உறையின் தையல் ஓரத்திலும் இரத்தம் காய்ந்து கறுப்பாக நிற்கும், மயிரும் ஒட்டியிருக்கும். சுடுநீரும் சவர்க்காரமும் போட்டுப் பழைய பல் தூரிகையால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுத்தான் உறைக்குள் போட வேண்டும். விலங்கு நோய்களைப் பற்றிக் கனடா எல்லையில் கண்டிப்பு அதிகம். கொம்பு, தோல், இறைச்சி எதையும் எஸ்டேட்டின் பேச்சை மட்டும் நம்பிக் கொண்டுபோகாதீர்கள். கனடாவின் உணவுப் பரிசோதனை முகவரகத்தின் இறக்குமதி விதியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பண்ணை நிலத்தில் நடந்த சப்பாத்துக்கும் அதே கதி: மண் போகக் கழுவுங்கள், கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

யாராவது மறித்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன், நண்பரும் படிக்கட்டும். கத்தியை எடுத்துக் காட்டவே கூடாது. கையைப் பைக்குள் விட வேண்டாம். இரண்டு கையும் தெரிய நின்று, 'சூட்கேசின் அடியில் ஒரு வேட்டைக் கத்தி உறைக்குள் இருக்கிறது, வேட்டை முடிந்து போகிறேன், கடிதம் இதோ' என்று அவர்கள் தேடுவதற்கு முன்பே சொல்லுங்கள். தாங்களாகக் கண்டுபிடித்த கத்திக்கும் முதலிலேயே சொன்ன கத்திக்கும் அவர்கள் பார்வையில் பெரிய வித்தியாசம் உண்டு. 'பாதுகாப்புக்கும் உதவும்தானே' என்று சிரித்துக்கொண்டுகூடச் சொல்ல வேண்டாம். நல்ல காரணத்தை அந்த ஒரு வாக்கியமே அழித்துவிடும். பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனால் சட்டத்தரணி வேண்டும் என்று கேளுங்கள். இங்கிலாந்தில் கைது செய்து நிலையத்தில் வைத்திருக்கும் எவருக்கும் அது இலவசம், வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. விரைவாக வெளியே போகலாம் என்று 'கோஷன்' என்னும் எச்சரிக்கைப் பத்திரத்தை நீட்டுவார்கள். அதில் கையெழுத்து வைப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. பதிவாகும். நீங்களோ நண்பரோ கனடாவில் இன்னும் குடியுரிமை எடுக்காமல் நிரந்தர வதிவிட உரிமையோடு இருந்தால், அந்தப் பதிவு குடிவரவுக் கோப்பு வரை போகலாம். விமானம் தவறினாலும் பரவாயில்லை, சட்டத்தரணி வரும்வரை இருங்கள்.

ஜேர்மனி யோசனைக்கு: அங்கே சட்டம் வேறு மாதிரி. 12 செ.மீ.க்கு மேற்பட்ட நிலையான அலகையும், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்தியையும் பொது இடத்தில் வைத்திருக்கக் கூடாது. ஆனால் ஏற்றுக்கொள்ளத்தக்க தேவைக்கு விலக்கு உண்டு, வேட்டை அதற்குள் வரும். 2024 ஓகஸ்டில் ஸோலிங்கன் நகர விழாவில் நடந்த கத்திக்குத்துக்குப் பிறகு, அதே ஆண்டு ஒக்டோபர் 31 முதல் இறுக்கிவிட்டார்கள். தூரப் பயண ரயில்களிலும் நிலையங்களிலும் பொது விழாக்களிலும் இப்போது எந்த நீளக் கத்திக்கும் தடை. கைக்கெட்டாதபடி கொண்டுபோகிறவருக்கு விலக்கு உண்டு, அதற்கு அவர்கள் ஒரு அளவும் வைத்திருக்கிறார்கள்: கத்தியை எடுக்க மூன்று கை அசைவுக்கு மேல் தேவைப்பட வேண்டும். பூட்டைத் திறந்து, ஸிப்பை இழுத்து, உள்ளே இருக்கும் பெட்டியை வெளியே எடுத்து, அதன் மூடியைக் கழற்றி, அதற்குப் பிறகுதான் உறை என்று இருந்தால் சரி. இங்கிலாந்துச் சட்டத்தில் இந்தக் கணக்கு இல்லை என்றாலும், உங்கள் நண்பர் ஸ்கொட்லாந்திலிருந்து கிளம்பும்போது இதே மாதிரிப் பொதி கட்டினால் யாருக்கும் குறை சொல்ல இடம் இராது.

எஸ்டேட்டுக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வழிகாட்டி கத்தி தருவாரா என்றும், பதிவுக் கடிதத்தில் உங்கள் இருவர் பெயரும் நாட்களும் தனித்தனியாக இருக்குமா என்றும் கேளுங்கள். அவர்கள் பதிலைப் பார்த்த பிறகும் கத்தியைக் கொண்டுவரத்தான் போகிறீர்கள் என்றால், அலகின் நீளத்தை அளந்து ஒரு படத்தோடு எனக்கு அனுப்புங்கள். நண்பரின் விமானம் எந்த ஊர் வழியாகப் போகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அமெரிக்க நகரம் ஒன்றில் மாறுகிறார் என்றால், பெரும்பாலும் அந்நாட்டுக்குள் முதலில் இறங்கும் விமான நிலையத்தில் பொதியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். அந்த மாநிலத்தின் கத்திச் சட்டத்தையும் அப்போது பார்க்க வேண்டும்.